எங்க பட்டி மாடும் காட்டெருமையும் ஒரே குட்டையிலதான் தண்ணி குடிச்சுது

எங்க வீடு நீலகிரியில சீகூர் பக்கம், முதுமலை காட்டை ஒட்டி. ஊட்டின்னதும் எல்லாருக்கும் குளிரும் தேயிலையும்தான் ஞாபகம் வரும், கல்லட்டி இறங்கிட்டா அது ரெண்டும் கிடையாது, முள்ளும் உண்ணிச்செடியும் புழுதியும்தான், மழை பேஞ்சா கொஞ்ச நாள் பச்சை. இங்க நிறைய பேருக்கு பட்டி மாடு உண்டு. பாலுக்குன்னு வெச்சிருக்கிறவங்க கம்மி, சாணிக்குத்தான், லோடு ஏத்தி கூடலூர் பக்கமும் கேரளாவுக்கும் தோட்டங்களுக்கு போகும். காலைல பட்டியை திறந்து விட்டா காட்டோரமா மேஞ்சுட்டு சாயங்காலம் தானா வந்து அடையும். பட்டியில இருந்து அரை கிலோமீட்டர்ல ஒரு குட்டை இருக்கு. பகல்ல எங்க மாடு, பொழுது சாயறப்ப புள்ளிமான், இருட்டினப்புறம் காட்டெருமையும் யானையும், விடியறதுக்கு முன்னாடி செந்நாய். அப்ப எல்லாத்துக்கும் அதே தண்ணி. சின்ன வயசுல அது எனக்கு அழகா மட்டும்தான் தெரிஞ்சுது, 2013-க்கு அப்புறம்தான் அந்த தண்ணியை பார்த்தா வயித்துல ஒரு கலக்கம்.

அந்த வருஷம் தமிழ்நாடு, கர்நாடகா ரெண்டு பக்கமும் கோமாரி பயங்கரமா அடிச்சுது, பழைய ஆளுங்க காணைன்னு சொல்லுவாங்க. எங்க ஊருக்கு தடுப்பூசி போட முன்னாடியே ஆளு வந்திருந்தாங்க. எங்க அப்பா அன்னைக்கு விடியக்காலைலயே மாட்டை ஓட்டிட்டு காட்டுக்குள்ள போயிட்டார். ஊசி போட்டா சினை கலைஞ்சிடும், ரெண்டு நாள் மாடு மேயாதுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு, அவர் மட்டும் இல்ல இன்னும் நாலஞ்சு பட்டிக்காரங்களும் அப்படித்தான் செஞ்சாங்க. ரெண்டு மாசத்துல எங்க மாட்டுக்கு வந்துடுச்சு. வாயில நூலு நூலா எச்சி ஒழுகும், நாக்குல தோலு உரிஞ்சு தொங்கும், குளம்பு இடுக்குல புண்ணு வந்து அதுல புழு வெச்சு, நிக்கவே முடியாம கால மாத்தி மாத்தி வைக்கும். பெரிய மாடுங்க பொழச்சுது, கன்னுங்கதான் போச்சு, காலைல துள்ளிட்டு இருந்தது மத்தியானம் பொத்துனு விழுந்து செத்துடும். கன்னுக்கு இந்த வைரஸ் நெஞ்சுச் சதையையே தாக்கும்னு அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. பதினோரு கன்னுல ஏழு போச்சு.

நொண்டிட்டு இருந்த மாடுங்க தூரமா மேய போக முடியாம அந்த குட்டையிலயே போய் காலை சேத்துல வெச்சுட்டு நின்னுச்சு, சேறு பட்டா எரிச்சல் குறையும் போல. நாங்களும் பாவம் நிக்கட்டும்னு விட்டுட்டோம். ஒரு பத்து பன்னெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் போனப்ப ஒரு காட்டெருமை கூட்டம், அதுல ஒரு பெரிய பசு முன்னங்காலை ஊனாம தூக்கி தூக்கி வெச்சு வருது, வாயில நுரை. கூட ஒரு கன்னு. ரெண்டு நாள் கழிச்சு அந்த கன்னு குட்டை ஓரத்துல செத்துக் கிடந்துச்சு, தாய் கிட்ட யாரையும் விடாம நின்னுட்டு இருந்துச்சு. நான் அப்ப காலேஜ் முடிச்சு வீட்ல இருந்தேன். ஃபாரஸ்ட்ல இருந்து ஆளு வந்தாங்க, கால்நடை டாக்டரும் வந்து பார்த்தார், எங்க பட்டியையும் பார்த்தார், திட்டக்கூட இல்ல. "குளம்பு ரெண்டா பிளந்த எல்லாத்துக்கும் இது வரும்மா, மாடு, ஆடு, பன்னி, மான், காட்டெருமை எல்லாம் ஒரே கணக்கு"ன்னு மட்டும் சொன்னார். எச்சில்ல போகும், தண்ணில போகும், காத்துல போகும், செருப்புலயும் வண்டி டயர்லயும் கூட போகும்னார். எங்க அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

அப்பதான் தாத்தா 1968 கதையை மறுபடியும் சொன்னார். நாங்க நிறைய தடவை கேட்டிருக்கோம், ஆனா காதுல வாங்கினது இல்ல. அந்த வருஷம் வெக்கை நோய், இங்கிலீஷ்ல ரிண்டர்பெஸ்ட், அது வந்து முதுமலை, பந்திப்பூர் காட்டுல காட்டெருமை கொத்து கொத்தா செத்துது. தாத்தாவுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு இருக்கும். கழிச்சல்தான் முதல்ல, தண்ணி மாதிரி போகும், கண்ணுலயும் மூக்குலயும் சீழு, அப்புறம் தண்ணியை தேடி வந்து தண்ணிக்கு பக்கத்துலயே விழுமாம். நாத்தம் தாங்காம வாயில துணி கட்டிட்டு நடப்போம், வானம் பூரா கழுகுன்னு சொல்லுவார், இங்க பாறுக்கழுகைத்தான் கழுகும்பாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் காட்டெருமையை பார்க்கிறதே அபூர்வமாம்.

வெக்கை நோய் மாட்டு நோய். மாடு எங்க போச்சோ அங்க எல்லாம் அது கூடவே போச்சு. 1880-கள் கடைசியில கப்பல்ல வந்த மாடு வழியா ஆப்பிரிக்காவுக்குள்ள நுழைஞ்சு பத்து வருஷத்துக்குள்ள தெற்கு முனை வரைக்கும் போய், பத்து மாட்டுக்கு எட்டு ஒம்போதுன்னு கொன்னுது, கூடவே காட்டெருமை, மான் இனங்கள்னு காட்டையும் துடைச்சுட்டு போச்சு, மாட்டை நம்பி இருந்த சனங்க பஞ்சத்துல செத்தாங்க. இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது ஆப்பிரிக்காவுல டான்சானியா பக்கம் இருக்கிற செரங்கெட்டி காட்டு விஷயம். அங்க காட்டு மாடு மாதிரி இருக்கிற வில்டபீஸ்ட்னு ஒரு மிருகம், 1960-கள் ஆரம்பத்துல ரெண்டரை லட்சம்தான் இருந்துச்சு. காட்டை சுத்தி இருந்த வீட்டு மாடுகளுக்கு வெக்கை நோய் தடுப்பூசி போட ஆரம்பிச்சதும் காட்டுல குட்டிங்க சாகறது நின்னுது, 1970-கள் முடியறதுக்குள்ள 13 லட்சத்துக்கு மேல ஆயிடுச்சு. ஒரு வில்டபீஸ்டுக்குக் கூட யாரும் ஊசி போடல. ஊரு மாட்டுக்கு போட்ட ஊசி காட்டு மிருகத்தை காப்பாத்துச்சு. அதாவது நோய் தங்கி இருந்த இடமே நம்ம மாடுதான், அங்க அதுக்கு இடம் இல்லாம ஆனதும் காட்டுல தானா அணைஞ்சு போச்சு. 2011-ல உலகத்துலயே வெக்கை நோய் ஒழிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க, பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் முழுசா ஒழிச்ச ரெண்டாவது நோய் அதுதான். இதை எங்க அப்பாகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் பேசல, அடுத்த கேம்புக்கு முதல் ஆளா மாட்டை நிறுத்தினார். இப்ப கோமாரி ஊசி வருஷத்துக்கு ரெண்டு தடவை இலவசமா போடறாங்க, காதுல டேக் அடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்க. மழைக்கு முன்னாடி தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசி. உங்க ஊரு காட்டோரமா இருந்தா தயவு செஞ்சு ஒரு தவணையும் விடாதீங்க. சினை மாட்டை பத்தி பயம் இருந்தா டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, எங்கள மாதிரி கேம்ப் அன்னைக்கு காட்டுக்குள்ள ஓடாதீங்க.

தொண்டை அடைப்பான்னதும் இன்னொன்னு சொல்லிடறேன். 2015 மே மாசம் கஜகஸ்தான் புல்வெளியில சைகான்னு ஒரு மான், மூக்கு தும்பிக்கை மாதிரி தொங்கும், மூணு வாரத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல செத்துப்போச்சு, உலகத்துல இருந்த சைகால பாதிக்கு மேல. காரணம் பார்த்தா நம்ம மாட்டுக்கு தொண்டை அடைப்பான் கொண்டு வர்ற அதே பாக்டீரியா. அதுங்க தொண்டையில சும்மா குடியிருந்த கிருமிதான், அந்த வருஷம் குட்டி போடற நேரத்துல வழக்கத்துக்கு மாறா வெக்கையும் ஈரப்பதமும் கூடினதும் உடம்பு பூரா பரவி ஆளையே கொன்னுடுச்சு. இதை படிச்சதுல இருந்து எனக்கு ஒன்னு உறைச்சுது, கிருமி இருந்தா மட்டும் போதாது, மிருகம் எந்த நிலைமைல இருக்கு, எவ்வளவு நெருக்கமா நிக்குது, அதுவும் சேர்ந்துதான் சாவு. எங்க பக்கம் மார்ச் ஏப்ரல்ல அதான் நடக்குது. சுத்தியிருக்கிற ஓடையெல்லாம் வத்தி, பத்து இடத்துல குடிச்ச மிருகம் ஒரு இடத்துக்கு வந்துடும், எலும்பு தெரிய மெலிஞ்சு போய், ஒன்னோட மூஞ்சி இன்னொன்னு மேல பட நிக்கும். மழைக்காலத்துல ஒரு மான் செத்தா அதோட போகும், கோடையில அப்படி இல்ல.

இந்த சைகா கதையெல்லாம் படிக்கிறதுக்கு முன்னாடியே, 2013-ல பட்டதை வெச்சு 2014 கோடையிலேயே நாங்க செஞ்ச முதல் வேலை பட்டிக்குள்ளயே ரெண்டு சிமென்ட் தொட்டி கட்டினது. போர் தண்ணி, காலைல அவிழ்க்கிறதுக்கு முன்னாடி வயிறு முட்ட குடிக்க விட்டுடுவோம், குட்டைக்கு போற பாதையில முள்ளு வெட்டி போட்டு மாட்டை வேற பக்கம் பழக்கினோம். முதல் வாரம் ரொம்ப கஷ்டம், பழகின மாடு அந்த பக்கமே இழுக்கும். இப்ப போகறதில்ல. வெளிய இருந்து மாடு வாங்கினா மூணு வாரம் தனியா கட்டி பார்த்துட்டுத்தான் பட்டியில விடறோம். ஒரு மாட்டுக்கு காய்ச்சலோ எச்சி ஒழுகறதோ இருந்தா அன்னைக்கே மேய்ச்சலை நிறுத்திடணும், தீவனம் வெட்டி போடற செலவு இருக்கு, அதை பார்த்தா ஆகாது.

குரங்கு விஷயத்துல நான் நேரடியா மாட்டிக்கிட்டேன். கர்நாடகாவுல சிமோகா பக்கம் கியாசனூர் காட்டுல 1957-ல குரங்குங்க வரிசையா செத்து, அடுத்து ஊர்க்காரங்களுக்கு காய்ச்சல் வந்து, அப்படி கண்டுபிடிச்ச நோய், எங்க பக்கம் குரங்குக் காய்ச்சல்னு சொல்றாங்க. பேரு அப்படி இருக்கே தவிர குரங்கு பாவம், நம்மள மாதிரி அதுவும் கடி வாங்கி சாகற உசிருதான். பரப்பறது உண்ணி. சின்ன சின்ன எலி வகையறா உடம்புல வைரஸ் சுத்திட்டு இருக்கும், உண்ணி குஞ்சு அதுல ரத்தம் குடிக்கும், அப்புறம் குரங்கு மேல ஏறும். சாம்பல் மந்தியும் நாட்டுக்குரங்கும் இந்த வைரஸுக்கு தாக்கு பிடிக்காது. குரங்கு செத்து உடம்பு ஆறினதும் அதுல இருந்த உண்ணியெல்லாம் இறங்கி கீழ சருகுல பரவிடும், அந்த இடம் கொஞ்ச நாளைக்கு ஆபத்தான இடம். 2012 கடைசியில பந்திப்பூர்ல செத்த குரங்கை எடுத்து எரிச்ச வேலையில இருந்தவங்களுக்கே காய்ச்சல் வந்துச்சு, அதை தொடர்ந்து நீலகிரி, வயநாடு பக்கம் செத்த குரங்குலயும் அந்த வைரஸ் இருந்தது தெரிஞ்சுது.

அந்த சமயம் விறகு பொறுக்க போன இடத்துல ஒரு மந்தி மரத்தடியில கிடந்துச்சு. இன்னும் உசிரு இருக்கோன்னு நினைச்சு நான் குச்சியால தள்ளி, பக்கத்துலயே உக்காந்து, என் துப்பட்டாவை எடுத்து மேல மூடிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா கணுக்கால்ல, முட்டிக்கு பின்னாடி, இடுப்புல, கடுகு சைஸ்ல உண்ணி. பாட்டி ஒவ்வொன்னா எடுத்தாங்க. அடுத்த பத்து நாள் நெத்தியை தொட்டு தொட்டு பார்த்துட்டே இருந்தேன், எனக்கு ஒன்னும் வரல. வந்திருந்தா என்னன்னா திடீர்னு கடுமையான காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு ரத்தக்கசிவு, வந்த நூறு பேர்ல மூணு அஞ்சு பேர் செத்துப்போற நோய் அது, இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, பழைய தடுப்பூசியும் சரியா வேலை செய்யலன்னு 2022-ல நிறுத்திட்டாங்க. மனுஷன்ல இருந்து மனுஷனுக்கு தொத்தாது, அது ஒன்னுதான் ஆறுதல். இப்ப நாங்க நவம்பர்ல இருந்து மே வரைக்கும், அதாவது காடு காயற மாசங்கள்ல, விறகுக்கு போனா முழுக்கை சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கணும், உண்ணி விரட்டற எண்ணெய் தடவிக்கணும், சருகுல உக்காரக் கூடாது, வந்ததும் துணியை வெந்நீர்ல போட்டு குளிச்சுட்டுத்தான் மத்த வேலை. உண்ணியை விரல்ல நசுக்காதீங்க, இடுக்கியால தோலை ஒட்டி பிடிச்சு நேரா இழுங்க. செத்த குரங்கை பார்த்தா நின்னு ஃபோட்டோ எடுக்காம தள்ளி வந்து ஃபாரஸ்ட்ல இடத்தை சொல்லிடுங்க. காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட "காட்டுக்குள்ள போனேன், உண்ணி கடிச்சுது"ன்னு நீங்களா சொல்லணும், அவங்களா கேட்க மாட்டாங்க.

இங்க மாட்டுக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒன்னு இருக்கு. மாடு இந்த வைரஸை பெருக்கறது இல்ல, ஆனா உண்ணிக்கு சோறு போடறது மாடுதான். காட்டுல இருந்து பெரிய உண்ணியை வீட்டு வாசல் வரைக்கும் சுமந்துட்டு வர்றதும் அதுதான். அதனால மாட்டுக்கு உண்ணி மருந்து அடிக்கிறது மாட்டுக்காக மட்டும் இல்ல.

2023 ஜனவரியில பன்னி. முதுமலைக்குள்ள தெப்பக்காடு பக்கம் காட்டுப்பன்னிங்க அங்கங்க செத்துக் கிடக்குன்னு முதல்ல பேச்சா வந்துச்சு, அதுக்கு முன்னாடியே பந்திப்பூர் பக்கமும் கிடந்துச்சுன்னாங்க. சாம்பிள் எடுத்து அனுப்பினதுல ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சல்னு உறுதியாச்சு. 1921-ல கென்யாவுல முதல்ல எழுதி வெச்ச நோய். அங்க இருக்கிற வார்ட்ஹாக்னு ஒரு காட்டுப்பன்னிக்கு அது ஒன்னுமே பண்ணாது, உள்ளயே வெச்சுட்டு சுத்தும், ஆனா நம்ம ஊரு பன்னிக்கு வந்தா கிட்டத்தட்ட எல்லாமே சாவு. 2007-ல ஜார்ஜியா, 2018-ல சீனா, 2020-ல நம்ம வடகிழக்கு மாநிலங்கள், 2022-ல வயநாடு பண்ணைகள், அப்புறம் எங்க காடு. இந்த தூரத்தை பன்னி நடந்து கடக்கல, மனுஷன்தான் கறியிலயும் மிச்ச சாப்பாட்டுலயும் லாரியிலயும் பூட்ஸ்லயும் தூக்கிட்டு வந்தான். உறைய வெச்ச கறியில இந்த வைரஸ் வருஷக்கணக்குல உசிரோட இருக்கும், உப்பு போட்டு காய வெச்ச கறியிலயும் மாசக்கணக்குல.

அப்ப எங்க ஊர்ல ஒரு அண்ணா, பேரு வேண்டாம், ஒரு பன்னி ஓடையில விழுந்து கிடக்கு, இப்பதான் செத்திருக்கு, சூடு கூட ஆறல, மனுஷனுக்குத்தான் இந்த நோய் வராதாமே அப்புறம் என்னன்னு கத்தியோட கிளம்பிட்டார். நானும் இன்னும் ரெண்டு பேரும் வழியில மறிச்சு பேசினோம். மனுஷனுக்கு வராதுங்கிறது உண்மைதான். ஆனா அறுத்த இடத்துல சிந்தற ரத்தம், வீட்டுக்கு கொண்டு வர்ற கறி, கழுவின தண்ணி, தூக்கி போடற எலும்பு, இது ஒவ்வொன்னும் அடுத்த பன்னிக்கு போற பாதை. அவர் தங்கச்சி வீட்ல நாலு வளப்பு பன்னி இருந்துச்சு. அதை சொன்னதும்தான் நின்னார், சட்டத்தை சொன்னப்ப நிக்கல. காட்டுப்பன்னியை அறுத்தா கேஸுன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த பயம் மட்டும் போதலன்னு அன்னைக்கு புரிஞ்சுது. செத்த பன்னியை ஃபாரஸ்ட் ஆளுங்க கவச உடுப்பு போட்டுட்டு வந்து எடுத்தாங்க. காய்ச்சல்ல தண்ணியை தேடி வந்துதான் பெரும்பாலும் விழும், அதனால அந்த ரெண்டு மாசமும் ஓடை குட்டை பக்கமா போறதையே விட்டுட்டோம், போய் வந்தா செருப்பை பிளீச்சிங் தண்ணில முக்கிடுவோம். டூரிஸ்ட் வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பிட்டு மிச்சத்தை ரோட்டோரம் கவர்ல கட்டி வீசிட்டு போறீங்களே, அதை முதல்ல கிண்டறது பன்னியும் குரங்கும்தான்.

செத்த மிருகம்னாலே எனக்கு அடைப்பான்தான் பெரிய பயம், ஆந்த்ராக்ஸ், முன்னாடி சொன்ன தொண்டை அடைப்பான் இல்ல, இது வேற. நேத்து வரைக்கும் நல்லா இருந்த மாடோ யானையோ திடீர்னு விழுந்து, மூக்கு வாய் ஆசன வாய்ல இருந்து உறையாத கறுப்பு ரத்தம் வந்தா அதை தொடவே கூடாது, வயித்தை கிழிக்கவே கூடாது. கிழிச்சா காத்து பட்டு கிருமி விதை மாதிரி மாறிடும், மண்ணுக்குள்ள பத்து இருபது முப்பது வருஷம் கிடந்து, மழை பேஞ்சு மண்ணு கிளறினப்ப புல்லோட சேர்ந்து வாய்க்குள்ள போகும். 2021-ல கோயமுத்தூர் ஆனைகட்டி பக்கம் ஒரு யானை இதுல செத்துது. பட்டி மாடு இப்படி செத்தா தோலுக்கு ஆசைப்படாதீங்க, ஓடையில தள்ளி விடாதீங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு ஃபோன் பண்ணுங்க, டாக்டர் சொல்ற மாதிரி ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு புதைக்கணும் இல்ல எரிக்கணும். மத்தபடி சாதாரணமா செத்த மிருகத்தை காட்டுல சுத்தம் பண்ற வேலையை பாறுக்கழுகு செய்யும், மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. தாத்தா பார்த்த அந்த வானம் பூரா கழுகு இப்ப இல்ல, மாட்டுக்கு போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்தே அதுக்கு விஷமாயிடுச்சு, 2006-ல தடை பண்ணியும் இன்னும் மீளல. கழுகு இல்லாத இடத்துல பிணத்துக்கு வர்றது நாய்.

நாய்தான் இப்ப என் வேலை. சம்பள வேலை இல்ல, நாங்க ஒரு ஏழு பேர் சேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊரு நாய்க்கெல்லாம் ஊசி போட ஏற்பாடு பண்றோம். வெக்கை நோய் வைரஸுக்கு சொந்தக்காரங்க நிறைய, மனுஷனோட தட்டம்மை ஒன்னு, நாயோட டிஸ்டெம்பர் ஒன்னு. டிஸ்டெம்பர் வந்த குட்டியை பார்த்திருப்பீங்க, கண்ணுல மூக்குல சீழு, பாதம் தடிச்சு போகும், அப்புறம் வலிப்பு, வாயை மென்னுட்டே இருக்கும். 1994-ல செரங்கெட்டியில இது சிங்கத்துக்குள்ள புகுந்து கிட்டத்தட்ட ஆயிரம், அதாவது மூணுல ஒரு சிங்கம் போச்சு. காட்டை சுத்தி இருந்த ஊர்கள்ல ஆயிரக்கணக்குல நாய். அதுக்கு முந்தின வருஷம் கடும் வறட்சி, எருமைங்க மெலிஞ்சு உண்ணி மொய்ச்சு செத்துது, அதை தின்ன சிங்கத்துக்கு உண்ணி வழியா வர்ற ரத்த நோயும் ஏறி இருந்துச்சு, ரெண்டும் சேர்ந்ததால அவ்வளவு சாவுன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. நம்ம குஜராத் கிர் காட்டுல 2018 செப்டம்பர்ல தல்காணியா சரகத்துல ஒரே மாசத்துக்குள்ள 23 சிங்கம் செத்துது, அதுலயும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்துச்சு, அமெரிக்காவுல இருந்து தடுப்பூசி வரவழைச்சாங்க. சிங்கம் கூட்டமா ஒரே இரையில மூஞ்சி வெச்சு தின்னும், ஒன்னை ஒன்னு நக்கும், ஒன்னுக்கு வந்தா குடும்பத்துக்கே. எங்க பக்கம் சிங்கம் இல்ல, ஆனா செந்நாய் இருக்கு, அதுவும் அப்படித்தான் கூட்டமா திங்கும், எங்க ஊரு நாய் போற அதே பாதையில மோந்து பார்த்துட்டு போகும். அதான் எனக்கு தூக்கம் வராத விஷயம்.

அனுபவத்துல தெரிஞ்சது சொல்றேன். அரசு கேம்ப்ல இலவசமா போடறது பெரும்பாலும் வெறிநோய் ஊசிதான், டிஸ்டெம்பருக்கு தனி ஊசி, குட்டிக்கு ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு திரும்ப போடணும், சில நூறு ரூபா ஆகும். அதுக்கு நாங்க ஊருக்குள்ள வசூல் பண்றோம், ரிசார்ட் வெச்சிருக்கிறவங்ககிட்ட கேட்கிறோம், சிலர் தர்றாங்க சிலர் கேட்டை திறக்கறது இல்ல. வெறிநோய்க்கு ஊர்ல நூத்துக்கு எழுபது நாய்க்காவது போட்டாத்தான் சங்கிலி அறும்னு சொல்றாங்க, ஆனா காட்டோர ஊர்ல அந்த மிச்ச முப்பதுதான் பெரும்பாலும் பட்டிக்காவல் நாய், ராத்திரி காட்டுக்குள்ள சுத்தறதும் அதுங்கதான், அதனால வீட்டு நாய்க்கு போட்டு எண்ணிக்கை காட்டினா பிரயோஜனம் இல்ல, பட்டி நாயில இருந்து ஆரம்பிக்கணும். வலை போட்டு துரத்தினா அடுத்த தடவை ஒன்னும் கிட்ட வராது, பட்டிக்காரர் கையால சோறு வெச்சு பிடிக்கிறதுதான் சரி. யாராவது கடி வாங்கினா உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், மஞ்சள் மொளகாய்னு எதையும் வைக்காதீங்க.

போன வாரம் கேம்ப். எங்க லிஸ்ட்ல 46 நாய். விடியக்காலை அஞ்சரைக்கு கிளம்பினோம், எங்க அப்பாவும் வந்தார், இப்ப அவருக்கு முட்டி வலி, இருந்தாலும் பட்டிக்காரங்ககிட்ட அவர் பேசினாத்தான் எடுபடும், "2013-ல நான் மாட்டை ஓட்டிட்டு போனேன், ஏழு கன்னை புதைச்சேன்"னு அவர் நேராவே சொல்லிடுவார். மத்தியானத்துக்குள்ள 41 முடிஞ்சுது. மிச்சம் அஞ்சும் மாயாறு பக்கத்து பட்டி நாயிங்க, ராத்திரி மானை துரத்திட்டு போயிருக்கும் போல, வரவே இல்ல. ஐஸ் பாக்ஸ்ல ஊசி மருந்து மிச்சம் இருக்கு, புது ஐஸ் வாங்கி மாத்தி வெச்சாச்சு. நாளைக்கு வெள்ளனே திரும்ப போறோம், அந்த பட்டிக்காரர் இன்னைக்கு ராத்திரி நாயை கட்டி வைக்கிறேன்னு ஒத்துக்கிட்டார்.